தந்தி முதல் இணையம் வரை

2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் நடுவில் நம் நாட்டில் தந்தி என்னும் சாதனம் தன் பணியை முடித்துக்கொண்டது. 1850-ஆம் ஆண்டில் ஓஷாகனெஸ்ஸி என்னும் மருத்துவர் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே கம்பி நாட்டத் தொடங்கியது முதல் கணக்கிட்டால் அதன் ஆயுள் 163 ஆண்டுகள். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குத் தந்தி என்பது அரசாங்கச் சேவைகளுள் ஒன்றாக மட்டும் இருந்ததில்லை. உத்தியோகம் கிடைத்த செய்தியும் அதில் வந்தது. ஊரில் பெரியவர் கண்மூடிய செய்தியும் அதிலேயே வந்தது. தந்திச் சேவகர் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் உறையைப் பிரிக்குமுன்பே அழத் தொடங்கிய வீடுகள் உண்டு.

அந்தச் சாதனம் விட்டுச்சென்ற இடத்தில் இன்று இணையம் அமர்ந்திருக்கிறது. நம் காலனியில் கைப்பேசி இல்லாத வீடு இல்லை. ஊரிலுள்ள தாயின் முகத்தை அடுப்படியில் நின்றவாறே காண்கிறோம். ஆயினும், "இஃது எங்ஙனம் நடைபெறுகிறது?" என்று வினவினால், "வானத்திலுள்ள செயற்கைக் கோளிலிருந்து வருகிறது" என்பர் சிலர், "அதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்" என்பர் பெரியோர், பிள்ளைகளோ பயன்படுத்த அறிவரேயன்றி விளக்க அறியார். தான் நாள்தோறும் நடக்கும் பாதை எத்தகையது என்று அறியாதவனை அப்பாதையில் ஏமாற்றுவது எளிது. ஆகவே, இப்பாதை எவ்வாறு அமைந்தது, யார் அமைத்தனர், அதில் நம் மொழிக்கு எவ்வாறு இடம் கிடைத்தது என்பவற்றை இயன்ற அளவு எளிமையாகக் கூற முற்படுகிறோம். நாம் பொறியியல் கற்றவரல்லர். இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். எனவே உவமைகளும் இருப்புப்பாதையிலிருந்தே வரும். இக்காலனியில் அவை எவருக்கும் புதியன அல்ல.

கம்பியும் கடலும்

பம்பாயிலிருந்து தானாவுக்கு முதற் பயணிகள் வண்டி 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் ஓடியது. 1855-ஆம் ஆண்டில் தந்தி பொதுமக்களின் உபயோகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் இருப்புப்பாதையும் தந்திக் கம்பியும் உடன்பிறந்தார் போல் அருகருகே நீண்டன. 1870-ஆம் ஆண்டில் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் மாபெருங் கப்பல் ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையே கடலடிக் கம்பியை இட்டது. இங்கிலாந்துக்குச் செய்தி செல்லக் கப்பலில் வாரக்கணக்காயிருந்த காலம் மணிக்கணக்காகச் சுருங்கியது. அதனையடுத்துச் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி சென்றது.

தந்தியின் இயக்கத்தில் நாம் நினைவிற் கொள்ளத்தக்க ஒன்று உண்டு. நெடுந்தொலைவு செல்லும் செய்தியை இடையிலுள்ள அலுவலகத்தார் எழுதி வாங்கிக்கொள்வர். அடுத்த கம்பி ஒழியும்வரை வைத்திருந்து, பின்னர் மேலே அனுப்புவர். ஒரு கம்பியைப் பலர் செய்திகள் மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளும்.

பின்னர் வந்த தொலைபேசி வேறு வழியை மேற்கொண்டது. பம்பாயிலுள்ளவர் சென்னையிலுள்ளவரோடு பேச, இரு ஊர்களுக்கும் இடையே ஒரு தனி வழியை அவ்விருவர்க்கென்றே ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். அவர்கள் பேசாமல் மௌனமாக இருந்தாலும் வேறெவரும் அவ்வழியைத் தொட இயலாது. ஒரே ஒரு வண்டி செல்லும் பொருட்டு மும்பை முதல் சென்னை வரை முழுப் பாதையையும் காலியாக வைத்திருப்பது போன்றது அது. 'டிரங்கு கால்' பதிவு செய்துவிட்டு அரைநாள் காத்திருந்த தலைமுறையினர்க்கு இதன் அருமையும் தொல்லையும் தெரியும்.

செய்தியைத் துண்டாக்கும் எண்ணம்

1957-ஆம் ஆண்டு அக்டோபரில் ரஷ்யா 'ஸ்புட்னிக்' என்னும் செயற்கைக் கோளை விண்ணில் ஏற்றியது. அமெரிக்கா திடுக்கிட்டது. மறு ஆண்டே உயர் ஆராய்ச்சிக்கென்று 'ஆர்ப்பா' என்னும் அமைப்பைத் தன் பாதுகாப்புத் துறையின் கீழ் நிறுவியது. அந்நாட்டில் பால் பாரன் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் ஒரு வினாவை எழுப்பினார். போரில் சில தொலைபேசி நிலையங்கள் அழிந்துபோனாலும் செய்தி சென்று சேரும்படி ஒரு வலையை அமைக்க முடியுமா? செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் கிடைத்த வழியிற் செல்லும்படி விட்டுவிட்டால் முடியும் என்பது அவர் கண்ட விடை. தொலைபேசி நிறுவனத்தார் அதனை ஏற்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தாமாகவே அவ்வெண்ணத்தை அடைந்தார். அத்துண்டுக்குப் 'பாக்கெட்' என்று பெயரிட்டவர் அவரே. தமிழில் 'பொதி' என்பது பொருந்தும்.

இணையம் அணுகுண்டுப் போருக்கு அஞ்சியே கட்டப்பட்டது என்று பலர் எழுதுவர். பாரனின் நோக்கம் அதுவே. ஆனால் வலையைக் கட்டிய ஆர்ப்பாவின் நோக்கம் வேறு. 1966-ஆம் ஆண்டில் அவ்வமைப்பின் கணிப்பொறிப் பிரிவை நடத்திய ராபர்ட் டெய்லரின் அறையில் மூன்று கருவிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரிலுள்ள கணிப்பொறியோடு மட்டுமே பேசும். ஒன்றிலிருந்து எழுந்து மற்றொன்றின்முன் அமர வேண்டியிருந்த அவர், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஏன் இணைக்கலாகாது என்று எண்ணினார். விலையுயர்ந்த கணிப்பொறிகளைப் பலரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அவ்வலையின் முதற் காரணம்.

1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இரவு லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து, சுமார் 350 மைல் வடக்கேயுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. 'லாகின்' என்னும் சொல்லைத் தட்டத் தொடங்கிய மாணவர் சார்லி கிளைன். 'எல்', 'ஓ' என்ற இரண்டு எழுத்துக்கள் சென்று சேர்ந்தன. அத்தோடு மறுமுனைக் கணிப்பொறி செயலற்று நின்றது. ஒரு மணி நேரத்தில் அதனைச் சீர்செய்து மீண்டும் அனுப்பினர். அவ்வாண்டின் முடிவில் வலையில் இருந்தவை நான்கே நிலையங்கள்.

சரக்கு வண்டியும் பொதியும்

பொதி எவ்வாறு செல்கிறது? ஒரு பெருஞ் சரக்கை நாற்பது வாகன்களில் ஏற்றுகிறோம் என்று கொள்வோம். இரயிலில் அவையெல்லாம் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒரே வண்டியாகச் செல்லும். இணையத்திலோ ஒவ்வொரு வாகனும் தனித்தனியே செல்லும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். எங்கிருந்து வருகிறது, எங்குச் செல்ல வேண்டும், வரிசையில் எத்தனையாவது என்பவை அச்சீட்டில் உள்ளன.

வழியிலுள்ள ஒவ்வொரு சந்திப்பிலும் 'ரூட்டர்' என்னும் கருவி யார்டு மாஸ்டர் போல் நிற்கிறது. அதற்கு முழு வழியும் தெரியாது; தெரியவும் வேண்டியதில்லை. சீட்டைப் பார்த்து, "இந்தத் திசைக்கு அடுத்த யார்டு இது" என்று தள்ளிவிடும். ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதையில் திருப்பும். ஆதலின் நாற்பது வாகன்களும் நாற்பது வழியிற் சென்று முன்பின்னாக வந்து சேரலாம். வழி தவறிய பொதி என்றென்றும் சுற்றிக்கொண்டே இராதபடி அதன் சீட்டில் ஓர் எண்ணும் உண்டு. சந்திப்புக்குச் சந்திப்பு அவ்வெண் ஒன்று குறையும். பூஜ்யமானால் அப்பொதி அவ்விடத்திலேயே நீக்கப்படும்.

சேருமிடத்தில் ஒரு குமாஸ்தா அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வரிசை எண்களைச் சரிபார்க்கிறார். 17-ஆம் எண் வரவில்லையா? அனுப்பியவர்க்கு அறிவித்து மீண்டும் அனுப்பச் செய்கிறார். நம் சரக்கு நெல்மூட்டை, தொலைந்தால் தொலைந்ததே. ஆனால் செய்தியின் நகல் அனுப்பியவரிடமே இருப்பதால் மறுபடி அனுப்புதல் எளிது. எல்லாம் வந்தபின் வரிசைப்படுத்தி ஒப்படைக்கிறார். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகின்றன.

ஒரு பொதி பொதுவாக 1,500 பைட்டுகளுக்கு மேற்படாது. பைட்டு என்பது கணிப்பொறியில் எழுத்தை அளக்கும் படி எனலாம். 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட்டுகள் வேண்டும். ஊருக்கு எழுதும் ஒரு பக்கக் கடிதம் நான்கைந்து பொதிகளில் அடங்கும். பேரக்குழந்தையின் புகைப்படம் 20 இலட்சம் பைட்டுகளாயின் அதற்குச் சுமார் 1,400 பொதிகள் தேவை.

இவை செல்லும் வழி பெரும்பாலும் வானமன்று. கைப்பேசியிலிருந்து அருகிலுள்ள கோபுரம் வரையில்தான் காற்றில் வானொலி அலையாகச் செல்கின்றன. அப்பாற் பெரும்பாலும் மண்ணுக்கடியிலும் கடலுக்கடியிலும் கிடக்கும் கண்ணாடி இழைகளில் ஒளியாக ஓடுகின்றன. இழையில் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர். மும்பையிலிருந்து சென்னைக்குரிய சுமார் 1,300 கிலோமீட்டரைக் கடக்க விநாடியில் நூறில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. கண்டங்களுக்கிடையே செல்லும் செய்திகளின் மிகப் பெரும்பகுதி கடலடி இழைகளையே நம்பியிருக்கிறது. 2008-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவுக்கு அருகில் இரண்டு இழைகள் அறுந்தபோது இந்தியாவின் இணையம் தளர்ந்து தடுமாறியது. ஆயினும் அடியோடு நின்றுவிடவில்லை. பொதிகளுள் ஒரு பகுதி கிழக்குப் பக்கமாகத் திரும்பிச் சுற்றுவழியிற் சென்றது. பாரன் எதிர்பார்த்தது அதுவே.

சென்ட்ரலும் எழும்பூரும்

இதுவரை கூறியது ஒரு வலையின் கதை. ஆனால் 'இணையம்' என்பது ஒரே வலையன்று. பல வலைகளின் சேர்க்கை. இச்சேர்க்கையே வரலாற்றின் மிக அரிய பகுதி.

மும்பையிலிருந்து மதுரைக்கோ நெல்லைக்கோ சென்ற பழைய குடும்பங்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளும். அகலப் பாதை வண்டி சென்னை சென்ட்ரலோடு நின்றுவிடும். தெற்கே செல்வதோ எழும்பூரிலிருந்து புறப்படும் மீட்டர்ப் பாதை வண்டி. ஒன்றின் அகலம் 5 அடி 6 அங்குலம். மற்றதன் அகலம் 3 அடியும் சில அங்குலமும். ஆகவே மூட்டை முடிச்சுகளோடும் கூஜாவோடும் உறங்கும் குழந்தைகளோடும் ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்குக் குடும்பமே பெயர வேண்டும். சரக்குக்கும் அதே கதி. இருவகைப் பாதைகள் சந்திக்கும் இடங்களில் கூலியாட்கள் ஒரு வாகனிலிருந்து மற்றொரு வாகனுக்கு மூட்டை மூட்டையாக மாற்றினர். இத்தொல்லையை ஒழிக்க 1992-ஆம் ஆண்டில் நம் இரயில்வே ஒரே அகலத் திட்டத்தை மேற்கொண்டு, பல்லாண்டு உழைத்துப் பாதைகளைப் பெயர்த்து மாற்றியது.

1970-களில் கணிப்பொறி வலைகளும் இதே நிலையில் இருந்தன. தொலைபேசிக் கம்பியில் ஓடும் வலை ஒன்று. வானொலி அலையில் ஓடுவது மற்றொன்று. செயற்கைக் கோள் வழியாகச் செல்வது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு, தனித்தனி விதி. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு தீர்வை வெளியிட்டனர். எந்தப் பாதையையும் பெயர்க்க வேண்டா. எந்த வலையும் தன் இயல்பை மாற்றிக்கொள்ள வேண்டா. ஆனால் எல்லா வலைகளும் ஒரே வகைப் பெட்டியை ஏற்றுச் செல்ல ஒப்புக்கொள்ள வேண்டும். வலையும் வலையும் சந்திக்கும் வாயிலில் ஒரு கருவி நின்று பெட்டியைத் திறவாமலே மாற்றி ஏற்றும். இதுவே அத்தீர்வின் சாரம். பிரான்சு நாட்டு லூயி பூசான் முதலியோர் கண்ட கருத்துக்களும் இதற்கு உதவின.

1977-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் கலிபோர்னியாச் சாலையில் ஓடிய ஒரு மோட்டார் வண்டியிலிருந்து புறப்பட்ட பொதிகள் வானொலி வலை, ஆர்ப்பா வலை, செயற்கைக் கோள் வலை ஆகிய மூன்றையும் கடந்து, இலண்டன் வரை சென்று, மீண்டும் லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சேர்ந்தன. வழியில் எவரும் மூட்டை மாற்றவில்லை. 'டிசிபி/ஐபி' எனப்படும் இவ்விதியை 1983-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று ஆர்ப்பா வலை முழுவதும் மேற்கொண்டது. அந்நாளையே இணையத்தின் பிறந்தநாள் என்பர்.

பல மொழியினர் ஒரே காலனியில் வாழும் நமக்கு இதில் வியப்பதற்கு இடமில்லை. அவரவர் சமையல் அவரவர் வீட்டில். பொதுக்குழாயில் நீர் பிடிக்க மட்டும் எல்லார்க்கும் ஒரே வரிசை. இணையமும் அத்தகைய உடன்பாட்டினால் நிற்பது.

விலையின்றி வழங்கியோர்

உடன்பாட்டு விதிகளை எழுதியவர்கள் அவற்றைப் பூட்டி வைக்கவில்லை. 1969-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் என்னும் மாணவர் எழுதிய முதற் குறிப்புக்கு அவர் இட்ட தலைப்பு 'கருத்துரை வேண்டுதல்' என்னும் பொருளுடையது. இன்றளவும் இணைய விதிகள் அதே பணிவான பெயரில், எவரும் விலையின்றிப் படிக்குமாறு வெளிவருகின்றன. 1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் மின்னஞ்சலை ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பிக் காட்டினார். பெயரையும் இடத்தையும் பிரிக்க அவர் தேர்ந்த சுழிக்குறியே இன்றும் எல்லா மின்னஞ்சல் விலாசங்களிலும் நடுவே நிற்கிறது.

இணையத்தில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் விலாசம் ஓர் எண்ணே. எண்களை நினைவில் வைத்தல் அரிது. தொடக்கத்தில் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே பட்டியலை ஸ்டான்ஃபோர்டு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் அலுவலகம் பேணி வந்தது. பட்டியல் பெருகியபோது, 1983-ஆம் ஆண்டில் பால் மோக்கப்பெட்ரிஸ் அப்பொறுப்பைப் பல இடங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். நாம் ஒரு பெயரைத் தட்டியவுடன், நம் கருவி முதலில் இத்தகைய விசாரணை அலுவலகம் ஒன்றில் எண்ணைக் கேட்டறிந்த பின்னரே பயணத்தைத் தொடங்குகிறது. பழைய முறை விலாசங்கள் சுமார் 430 கோடி. அவை போதாமற் போனமையால் இப்போது மிக நீண்ட புதிய எண்களும் வழங்குகின்றன.

படமும் எழுத்துமாக நாம் காணும் பக்கங்கள் இணையத்தின் மேல் ஓடும் ஒரு சேவையே. அதனை 'உலகளாவிய வலை' என்கிறோம். சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டில் அதற்குத் திட்டம் தீட்டினார். 1991-ஆம் ஆண்டில் அது வெளியுலகுக்கு வந்தது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் அந்நிலையம் அதனை உலகத்தார் அனைவருக்கும் உரிமைத் தொகையின்றி வழங்கியது. பக்கத்துக்கு ஓர் அணா என்று விதித்திருந்தாலும் நம்போன்றோர் வீட்டுக்கு அது வந்திராது.

நம் நாட்டில்

இந்தியாவில் 1986-ஆம் ஆண்டில் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'எர்னெட்' என்னும் கல்வி வலையைத் தொடங்கியது. ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் விஞ்ஞானக் கழகம், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் முதலியன அதில் பங்கு கொண்டன. அம்மையத்தை வழிநடத்திய ஸ்ரீநிவாசன் ரமணி 2014-ஆம் ஆண்டில் உலக இணையப் பெருமக்கள் வரிசையில் சேர்க்கப்பட்டார்.

பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று. வி.எஸ்.என்.எல். என்னும் அரசாங்க நிறுவனம் பெருநகரங்களில் அதனைத் தொடங்கியது. தொலைபேசியைச் சுழற்றி இணைக்க வேண்டும். வேகம் மிகக் குறைவு. முழு இணைப்புக்கு ஆண்டுக் கட்டணமோ ஆயிரக்கணக்கான ரூபாய். 1998-ஆம் ஆண்டில் தனியாரும் அச்சேவையை நடத்த அரசாங்கம் இசைந்தது. அதன்பின் தெருத்தோறும் இணைய மையங்கள் தோன்றின. 2016-ஆம் ஆண்டுக்குப் பின் கைப்பேசிக் கட்டணம் பெரிதும் குறைய, அவையும் ஏறத்தாழ மறைந்தன.

நம் இரயில்வேயின் பங்கும் சிறிதன்று. ஊருக்குச் செல்லும் குடும்பம் திரும்பு பயணத்துக்கு இடம் வேண்டித் தந்தி கொடுத்து, விடை வருமோ வராதோ என்று காத்திருந்த காலம் ஒன்றுண்டு. 1985-86-இல் புதுடில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. 1999-ஆம் ஆண்டில் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன. மும்பையில் அமர்ந்து, நெல்லையிலிருந்து திரும்புவதற்கும் பதிவு செய்ய வழி பிறந்தது. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் வீட்டிலிருந்தே இணையத்தில் டிக்கெட் பெறுகிறோம்.

2000-ஆம் ஆண்டில் இரயில்வேயின் சார்பில் 'ரெயில்டெல்' நிறுவப்பட்டது. இருப்புப்பாதை ஓரமாக அது இட்ட கண்ணாடி இழையின் நீளம் இன்று 60,000 கிலோமீட்டருக்கும் மேல். 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் தொடங்கிய இலவச இணைய வசதி இப்போது 6,000-க்கு மேற்பட்ட நிலையங்களில் உள்ளது. அன்று தந்திக் கம்பம் நின்ற அதே நிலத்தின் அடியில் இன்று இழை கிடக்கிறது. பாதையைக் காக்கும் கேங்மேன் தம்மையறியாமல் அதனையும் காத்து வருகிறார்.

தமிழ் எழுத்துக்குக் கிடைத்த இடம்

பாதை வந்துவிட்டது, நம் மொழி அதிற் செல்ல வேண்டுமே! கணிப்பொறி எண்களையன்றி வேறொன்றையும் அறியாது. ஆதலின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். தொடக்கத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்தனர். ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் மற்றொருவர் கணிப்பொறியில் குறிகளும் கோடுகளுமாகச் சிதறித் தோன்றியது. மீண்டும் அகலப் பாதை, மீட்டர்ப் பாதைத் தொல்லையே!

இதனைத் தீர்க்க உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தாயகத்தைவிட்டு வெளியே வாழ்ந்த தமிழர் என்பது நம் சங்கத்தார் எண்ணிப் பார்க்கத்தக்கது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-ஆம் ஆண்டளவிலேயே வலைப்பக்கத்தில் தமிழைத் தோன்றச் செய்வதில் முன்னின்றார். 'இணையம்' என்ற சொல்லையும் அவரே வழங்கினார் என்பர். 1997-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும், 1999-ஆம் ஆண்டில் சென்னையிலும் மாநாடுகள் கூடிப் பொதுக் குறியீடு பற்றியும் பொது விசைப்பலகை பற்றியும் ஆராய்ந்தன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 'மதுரைத் திட்டம்' தொடங்கினர். பல நாட்டுத் தொண்டர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து, பழந்தமிழ் நூல்களை எவரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றினர்.

உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான 'யூனிகோடு' அட்டவணையில் 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் குறிக்கப்பட்டது. 2944 முதல் 3071 வரை நமக்குரிய எண்கள். அகரத்தின் எண் 2949. நம் சிறப்பு ழகரத்தின் எண் 2996. நாளடைவில் கருவி செய்வோர் எல்லாரும் இவ்வட்டவணையையே ஏற்றனர். ஆகவே இன்று தூத்துக்குடியில் தட்டிய ழகரம் மும்பையிலும் டொராண்டோவிலும் ழகரமாகவே தோன்றுகிறது. 2010, 2011-ஆம் ஆண்டுகளில் இணைய விலாசத்தின் ஈற்றில் 'இலங்கை', 'சிங்கப்பூர்', 'இந்தியா' என்று தமிழ் எழுத்தாலேயே எழுதவும் உரிமை கிடைத்தது.

நாம் செய்யத்தக்கன

இவ்வரலாற்றை அறிந்த நாம் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, அஞ்சாமையும் எச்சரிக்கையும். இணையம் என்பது ஒரு பொதுப்பாதை. அதில் நல்லோரும் செல்வர், திருடரும் செல்வர். பொதியின் சீட்டில் விலாசம் உண்டு; அனுப்பியவன் குணம் எழுதப்பட்டிருப்பதில்லை. திரையில் காவலர் உடையணிந்து தோன்றி, "உம்மைக் கைது செய்திருக்கிறோம், பணம் அனுப்பும்" என்று மிரட்டுவோர் இக்காலத்தில் பெருகியுள்ளனர். கைப்பேசித் திரையின் வழியே கைது செய்வது என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. வங்கியிலிருந்து வரும் இரகசிய எண் வீட்டுச் சாவியை ஒத்தது. கேட்பவர் எவராயினும் கொடுத்தல் ஆகாது. பணி ஓய்வுப் பணத்தை நம்பி வாழும் பெரியோர் இதனைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்தாலும் தகும்.

இரண்டாவது, நம் பிள்ளைகள் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் எழுதும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கத்தைக் கைவிடச் செய்தல். 'அம்மா' என்று எழுத வேற்றெழுத்தின் உதவி வேண்டியிருந்த காலம் போயிற்று. நம் எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் பலர் உழைத்து இடம் பெற்றுத் தந்திருக்கின்றனர். பதிவு செய்த இருக்கை நமக்கென்று இருக்கும்போது நடைவழியில் நின்று பயணம் செய்வார் உண்டோ? இந்தி வழியிலும் ஆங்கில வழியிலும் கற்கும் நம் பிள்ளைகளுக்குக் கைப்பேசியின் தமிழ் விசைப்பலகையே அரிச்சுவடியாகவும் பயன்படும். பிள்ளைகள் பெரியோர்க்குக் கருவியைக் கற்பிக்கட்டும்; பெரியோர் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிக்கட்டும். கொடுக்கல் வாங்கல் நேராகிவிடும்.

மூன்றாவது, நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களையும், முதல் தலைமுறையினர் இந்நகருக்கு வந்து குடியேறிய கதைகளையும் இணையத்தில் ஏற்றி வைத்தல். தாள் செல்லரிக்கும், நினைவோ அவரவரோடு போய்விடும். மதுரைத் திட்டத்தார் பழம்பெரும் நூல்களுக்குச் செய்த தொண்டை நாம் நம் காலனியின் சிறிய வரலாற்றுக்கேனும் செய்வோமாயின், இனி வரும் சந்ததியார் எந்த ஊரில் இருந்தாலும் தம் முன்னோர் யாவர் என்பதைத் தமிழிலேயே படித்தறிவர். இப்பணிக்கென்று ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கத்தக்க இளைஞர் நால்வர் முன்வந்தால் போதும். அலமாரியைத் திறந்து மலர்களை எடுத்துக் கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!